ஓட்டமும் இருதயமும்

பள்ளியின் போட்டி விளையாட்டு நாளில் ஓட்டக் கோட்டருகே நிற்கும் மாணவர் ஒவ்வொருவரும் தம் நெஞ்சுக்குள் முரசு கொட்டுவது போன்ற ஓசையை உணர்ந்திருப்பர். இன்னும் ஓட்டம் தொடங்கவில்லை. கால் ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. ஆயினும் நெஞ்சு படபடக்கின்றது. ஓடி முடித்துப் புல்தரையில் அமர்ந்த பின்னரும் அப்படபடப்பு உடனே அடங்குவதில்லை. ஓடுவன கால்கள், அவ்வாறிருக்க இருதயம் ஏன் விரைகின்றது? ஓடுவதற்கு முன்னே விரைவானேன்? ஓடி முடித்த பின்னும் விரைவானேன்? இவ்வினாக்களுக்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம். எழுத எழுத, இது மாணவர்க்கு மட்டுமன்றி, அவர்தம் பெற்றோர்க்கும், தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த தாத்தா பாட்டிமார்க்கும் உரிய செய்தியாக விரிந்துவிட்டது.

இருதயம் என்பது தசையாலான ஓர் இறைப்பான். அவரவர் கையை மூடிப் பிடித்தால் அம்முட்டி எவ்வளவு பெரிதோ, ஏறத்தாழ அவ்வளவே அவரவர் இருதயமும். அதனுள் நான்கு அறைகள் உள்ளன. வலப்புறத்து அறைகள் உடலெங்கும் சென்று திரும்பிய இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகின்றன. அங்கே கரியமிலவாயுவை விட்டுப் பிராணவாயுவை ஏற்றுக்கொண்ட இரத்தம் இடப்புறத்து அறைகளுக்கு வருகின்றது. அங்கிருந்து அது தமனிகள் வழியே உடல் முழுவதும் பாய்ந்து, மயிரிழையினும் மெல்லிய தந்துகிகளுள் புகுந்து, சிரைகள் வழியே மீண்டும் இருதயத்தை வந்தடைகின்றது. இவ்வாறு இரத்தம் ஓயாது சுற்றி வருகின்றது என்னும் உண்மையைச் சான்றுகளுடன் 1628-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவர். அதற்கு முன்னர், ஈரல் நாள்தோறும் புதிது புதிதாக இரத்தத்தை ஆக்குகிறது என்றும், உடல் அதனை உண்டு தீர்த்து விடுகிறது என்றும் மேலை நாட்டார் நம்பியிருந்தனர். ஹார்வி செய்தது பெரும்பாலும் ஒரு பெருக்கல் கணக்கே. ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தத்தின் அளவை நாள் முழுவதும் துடிக்கும் துடிப்புகளால் பெருக்கிப் பார்த்தார். வந்த விடையோ மனிதனின் எடையையே பன்மடங்கு விஞ்சி நின்றது. அவ்வளவு இரத்தத்தை எந்த ஈரல் ஆக்க இயலும்? ஆதலின், சென்ற இரத்தமே திரும்பி வருதல் வேண்டும் என்று அவர் துணிந்தார். நான்காம் ஆண்டு மாணவர்க்குத் தெரிந்த கணக்கு உலகத்தின் ஆயிரமாண்டு நம்பிக்கையை மாற்றியது.

அக்கணக்கை நாமும் செய்து பார்ப்போம். ஓய்ந்திருக்கும் வளர்ந்த மனிதரின் இருதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறுகின்றது. எழுபதை எழுபதால் பெருக்கினால் 4,900. அதாவது, நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர். கடையில் வாங்கும் பெரிய சமையல் எண்ணெய்ப் போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்தப் போத்தல் நிறையும் அளவு ஒவ்வொரு நிமிடமும் இறைக்கப்படுகின்றது. நம் உடலில் உள்ள மொத்த இரத்தமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே, நாம் வாளாவிருக்கும்போதும் இரத்தம் முழுவதும் நிமிடத்திற்கு ஒரு முறை உலா வந்துவிடுகின்றது.

இனி ஓட்டத்திற்கு வருவோம்.

இருதயத்தின் வலப்புறத்து மேலறையில் சிறியதொரு கணு உண்டு. துடிப்பைத் தொடங்கி வைப்பது அதுவே. அது தன்போக்கில் விடப்பட்டால் நிமிடத்திற்கு நூறு முறையளவில் துடிப்பை எழுப்பும். ஆனால் மூளையிலிருந்து வரும் ஒரு நரம்பு கடிவாளம் போல் அதனைப் பிடித்து இழுத்து, எழுபது அளவில் நிறுத்தி வைத்துள்ளது. மற்றொரு வகை நரம்புகளோ குதிரையைத் தட்டி விரட்டுவன போன்றவை. “தயார்” என்னும் ஆசிரியரின் குரல் செவியில் விழுந்ததும் மூளை முதலிற் கடிவாளத்தைத் தளர்த்துகின்றது. பின்னர் விரட்டும் நரம்புகளையும் ஏவுகின்றது. சிறுநீரகங்களின் மேலமர்ந்த சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் கலக்கின்றன. இவையனைத்தும் கால் அசையுமுன்னரே நிகழ்வன. ஆகவே, ஓட்டக் கோட்டில் நெஞ்சு படபடத்தால் அஃது அச்சத்தின் அடையாளம் என்று நாணவேண்டியதில்லை. வரப்போகும் வேலைக்கு உடல் முன்கூட்டியே அடுப்பு மூட்டி வைக்கின்றது, அவ்வளவே.

நம் பேராக் மாநிலத்துத் தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி அம்மையாரைப் பற்றி மூத்தோர் பலர் அறிவர். 1966-ஆம் ஆண்டு பாங்காக்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றவர். அதே ஆண்டில் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை என்னும் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவரும் அவரே. 400 மீட்டர் என்பது ஓட்டத்திடலை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வருவது. ஒரு நிமிடத்திற்கும் குறைவான காலத்தில் முடிந்துவிடும் அவ்வோட்டத்தை ஓட்டக்காரர் பலரும் மிகக் கடினமானது என்பர். அந்த ஒரு நிமிடத்துள் ஓடுபவரின் உடலுள் நிகழ்வது யாது?

கால்தசைகள் வேலை செய்யத் தொடங்கியதும் அவற்றுக்குப் பிராணவாயுவும் சர்க்கரையும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன. இருதயம் இரு வழிகளில் ஈடுகொடுக்கின்றது. ஒன்று, துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டுதல். இளைஞர் ஒருவர் முழுமூச்சுடன் ஓடும்போது அது நிமிடத்திற்கு 190 முதல் 200 வரை ஏறும். மற்றொன்று, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைக் கூட்டுதல். இவ்விரண்டும் சேர, 5 லிட்டராக இருந்தது கடும் உழைப்பின்போது 20 லிட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகின்றது. நெடுங்காலம் பயின்ற ஓட்டவீரர்கள் சிலருக்கு 35 லிட்டரையும் எட்டுவதுண்டு. மொத்த இரத்தம் கூடுவதில்லை என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. அதே ஐந்து லிட்டர்தான் நிமிடத்திற்கு நான்கைந்து முறை சுற்றி வருகின்றது.

அதனினும் வியப்புக்குரியது, அந்த இரத்தம் பங்கிடப்படும் முறை. முன்னாளில் தோட்டத்து லயங்களில் பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்தவர்களுக்கு இது எளிதிற் புரியும். ஒரே நேரத்தில் எல்லாக் குழாய்களையும் திறந்தால் எதிலும் நீர் ஒழுங்காக வராது. ஒரு குழாயில் நன்கு வரவேண்டுமாயின் மற்றவற்றைச் சிறிது மூடவேண்டும். நம் உடலிலும் சிறு தமனிகளின் சுவரில் மெல்லிய தசைகள் உள்ளன. அவை சுருங்கினால் வழி குறுகும், தளர்ந்தால் வழி அகலும். ஓய்ந்திருக்கும்போது ஐந்து லிட்டரில் ஏறத்தாழ ஒரு லிட்டரே உடல் தசைகள் அனைத்திற்கும் செல்கின்றது. இரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகம் ஆகியவையே பாதியளவைப் பெறுகின்றன. ஓட்டம் தொடங்கியதும் அவ்வுறுப்புகளுக்குச் செல்லும் வழிகள் குறுக்கப்படுகின்றன. வேலை செய்யும் தசைகளிலோ, அங்கு உண்டாகும் வெப்பமும் கழிவுப் பொருள்களும் வழிகளைத் தாமே தளர்த்தி அகலச் செய்கின்றன. முடிவில், இருதயம் அனுப்பும் இரத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு தசைகளுக்கே போய்ச் சேர்கின்றது. மூளைக்குரிய பங்கு மட்டும் அநேகமாகக் குறைவதில்லை. குடும்பத்தில் எத்துணை முடை நேரினும் கைக்குழந்தையின் பாலுக்குரிய காசில் தாய் கைவைக்காதது போல.

வயிறு நிறைய உண்டவுடன் ஓடலாகாது என்று ஆசிரியர்கள் கூறுவதன் காரணமும் இதுவே. உணவைச் செரிக்கச் செய்யும் உறுப்புகள் இரத்தத்தைக் கேட்கும் வேளையில் கால்களும் கேட்டால் இரண்டிற்கும் முட்டுப்பாடு நேரும். வயிற்றுவலியும் குமட்டலும் அதன் விளைவே. போட்டி விளையாட்டு நாளன்று காலையில் நாசி லெமாக்கை வயிறு முட்ட உண்டு வருவோர் இதனைச் சற்றே நினைவிற் கொள்க.

தோலுக்கும் ஒரு பங்கு தேவைப்படுகின்றது. தசைகள் உழைக்கையில் உண்டாகும் வெப்பத்தை இரத்தமே தோலுக்குச் சுமந்து வந்து, வியர்வை வழியாக வெளியேற்றுகின்றது. குன்றுகள் சூழ்ந்த ஈப்போவின் நண்பகல் வெயிலில் ஓடுபவரின் இருதயம் தசைக்கும் தோலுக்கும் சேர்த்து இறைக்க வேண்டியுள்ளது. வியர்வையால் உடலின் நீர் குறையக் குறைய இரத்தத்தின் அளவும் சிறிது குறைகின்றது. அதனை ஈடுகட்ட இருதயம் மேலும் விரைகின்றது. ஒரே தூரத்தைக் காலைக் குளிரில் ஓடும்போது எளிதாகவும், நண்பகலில் ஓடும்போது கடினமாகவும் தோன்றுவது மனமயக்கம் அன்று. நாடியை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஓட்டப் பயிற்சியைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்வதும், தாகம் எடுக்குமுன் இடையிடையே நீர் அருந்துவதும் இதனாலேயே.

பாதத்திலிருந்து இரத்தம் மேலேறி இருதயத்தை எவ்வாறு வந்தடைகின்றது என்பது நல்லதொரு வினா. தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்பது எல்லாரும் அறிந்ததே. கால்களின் சிரைகளில் ஒருபுறம் மட்டுமே திறக்கும் சிறு கதவுகள் உள்ளன. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது சிரை நசுங்கி, இரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகின்றது. தசை தளரும்போது கதவு மூடிக்கொள்வதால் அது கீழிறங்குவதில்லை. ஆகவே, நடப்பவரின் கால்கள் ஒவ்வோர் அடியிலும் இருதயத்திற்குத் துணை செய்கின்றன. கெண்டைக்காலை இரண்டாம் இருதயம் என்று சொல்வாரும் உளர். பள்ளிச் சபைகூடலில் நெடுநேரம் அசையாது நின்ற மாணவர் சிலர் மயங்கி விழுவதைக் கண்டிருப்பீர்கள். அவர்கள் கால்தசை அசையாமையால் இரத்தம் கால்களிலேயே தேங்கி, மூளைக்குச் செல்வது சற்றுக் குறைந்ததே பெரும்பாலும் அதற்குக் காரணம். கீழே படுத்தவுடன் தெளிந்துவிடுவர். மேடு பள்ளம் நீங்கியதால் இரத்தம் மூளைக்கு எளிதில் செல்கின்றது.

ஓட்டத்தின் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிடக்கூடாது என்பதும் இதனாலேயே. ஓடும் கால்களில் இரத்தக் குழாய்கள் அனைத்தும் அகலத் திறந்துள்ளன. அவ்வேளையில் தசையின் துணை திடீரென நின்றால் இரத்தம் கால்களில் தேங்கும், தலை சுற்றும், கண் இருளும். ஆதலால் முடிவுக் கோட்டைக் கடந்த பின் சிறிது தூரம் மெல்ல ஓடி, பின் நடந்து, மூச்சு அடங்கிய பிறகே உட்காருதல் வேண்டும். பெற்றோர் சிலர் அன்பு மிகுதியால் ஓடி வந்த பிள்ளையை உடனே மடியில் கிடத்தி விசிறுகின்றனர். கையைப் பிடித்து நடத்திச் செல்வதே மேலான உதவியாகும்.

இப்போது, நம் நாட்டின் வீரர் இருவரை ஒப்பிட்டு நோக்குவோம். ஒருவர் டாக்டர் மணி ஜெகதீசன். மருத்துவம் பயின்றவராதலால் ‘பறக்கும் டாக்டர்’ என்று புகழப்பட்டவர். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4 x 100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கங்கள் வென்றவர். 1968-ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடியில் ஓடினார். அத்தேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள், எவராலும் முறியடிக்கப்படவில்லை. மற்றவர் ஜி. சரவணன். 1998-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் வென்றவர். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 4 மணி 10 நிமிடம் 5 விநாடி. வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஐந்து நிமிடம். நம்முள் பலர் ஓடினாலும் எட்ட இயலாத வேகத்தை அவர் நடந்தே, அதுவும் ஐம்பது முறை அடுத்தடுத்துக் காட்டினார்.

இருபது விநாடி ஓடுபவருக்கு, நுரையீரல் இழுத்த பிராணவாயு தசையை அடைந்து பயன்படுவதற்குள் ஓட்டமே முடிந்துவிடுகின்றது. அவ்வாறாயின் அத்துணை ஆற்றல் எங்கிருந்து வந்தது? தசை தன்னுள் முன்னரே சேமித்து வைத்துள்ள பொருள்களைப் பிராணவாயுவின் துணையின்றியே சிதைத்து ஆற்றலைப் பெறுகின்றது. இதனை நம் பெரியோர்க்குப் பழகிய முறையில் சொல்வதாயின், தோட்டத்து மளிகைக் கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்குவது போன்றது. பொருள் உடனே கிடைத்துவிடும். ஆயினும் கணக்கு நோட்டில் ஏறிவிட்டது. ஓட்டம் முடிந்த பின் ஓடியவர் மூச்சிரைக்க நிற்பதும், அவரது இருதயம் பல நிமிடங்கள் விரைந்து துடிப்பதும் அக்கடனை அடைப்பதற்கேயாம். சம்பள நாளில் கடைக்காரர் கையை நீட்டுவதுபோல் தசையும் தன் பிராணவாயுவைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றது. தொடக்கத்தில் கேட்ட மூன்றாம் வினாவுக்கு இதுவே விடை.

சரவணன் அவர்கள் நடந்ததோ கைக்காசைக் கொடுத்து வாங்குவது போன்றது. நான்கு மணி நேரமும் வரவும் செலவும் ஒத்திருக்க வேண்டும். இருதயம் கொண்டுவந்து கொடுக்கும் பிராணவாயு எவ்வளவோ, தசை அவ்வளவே செலவிடலாம். மிகைப்பட்டால் கடன் ஏறிக் கால் ஓய்ந்துவிடும். அவருடைய இருதயம் நிமிடத்திற்கு 160 முறை துடித்தது என்று கணக்கிற்காக வைத்துக்கொண்டாலும், அந்த 250 நிமிடங்களில் 40,000 துடிப்புகள் ஆகின்றன. மெக்சிக்கோ நகரத்தின் கதையும் இதனை நன்கு விளக்கும். அந்நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்று அடர்த்தி குறைந்தது. மெலிந்த காற்று எதிர்த்துத் தடுப்பதும் குறைவாதலால் குறுந்தூர ஓட்டக்காரர்க்கு அது துணை புரிந்தது. நெடுந்தூரம் ஓடியவர்களோ பிராணவாயு போதாமல் தளர்ந்தனர். ஒரே காற்று ஒருவர்க்கு நண்பனாகவும் மற்றவர்க்குப் பகைவனாகவும் விளங்கிற்று.

நாள்தோறும் பயில்பவரின் இருதயம் காலப்போக்கில் மாற்றம் அடைகின்றது. அதன் அறைகள் விரிகின்றன, சுவர் வலுப்பெறுகின்றது, ஒரு துடிப்பில் முன்னிலும் மிகுதியான இரத்தத்தைத் தள்ளுகின்றது. ஆகவே, ஓய்ந்திருக்கும்போது குறைந்த துடிப்புகளே போதுமானவை. நெடுந்தூர ஓட்டவீரர் பலருக்கு ஓய்வில் நாடி 50-க்கும் கீழே இருப்பதுண்டு. ஒருவரின் நாடி 72-லிருந்து 60-ஆகக் குறைந்தது என்று கொள்வோம். நிமிடத்திற்கு 12 துடிப்பு மிச்சம். ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள். இரண்டையும் பெருக்கினால் 17,280 துடிப்புகள். ஒவ்வொரு நாளும் அவ்வளவு உழைப்பு அவருடைய இருதயத்திற்கு மிச்சமாகின்றது. தசையினுள்ளும் புதிய தந்துகிகள் முளைக்கின்றன. இம்மாற்றங்கள் சில வாரப் பயிற்சியிலேயே தொடங்கும். பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே மறையவும் மறையும். இளமையில் ஓடினேன் என்று முதுமையில் அமர்ந்திருப்பவர்க்கு இருதயம் சலுகை காட்டுவதில்லை.

இங்கே, நம் தோட்டத்து மக்களைப் பற்றிச் சில சொல்ல வேண்டியுள்ளது. பால்மரம் சீவியவர்கள் விடியுமுன் எழுந்து, பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் சென்றனர். ஒருவர் பங்கு 400 முதல் 600 மரங்கள். மரத்துக்கு மரம் நான்கு மீட்டர் என்று கொண்டால் 500 மரங்களுக்கு இரண்டு கிலோமீட்டர். சீவி முடித்தபின் மங்குகளில் சேர்ந்த பாலை எடுக்க அதே வழியில் மீண்டும் இரண்டு கிலோமீட்டர். இதனிடையே ஒவ்வொரு மரத்தடியிலும் குனிதலும் நிமிர்தலும். பின்னர்க் காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டுப் பால் ஸ்டோர் வரையிலும் சுமை. மேடும் பள்ளமுமான கோலகங்சார், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இது மலையேற்றத்திற்கு ஒப்பாகும். அவர்கள் இதனை உடற்பயிற்சி என்று எண்ணவில்லை, பெயரும் சூட்டவில்லை. அவர்தம் இருதயங்களோ நாள்தோறும் பயின்றுவந்தன.

இத்தகைய உழைப்பு இருதயத்தைக் காக்கின்றதா என்பதை இலண்டன் மாநகரில் ஜெர்ரி மோரிஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். அந்நகரத்து இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். இருவரும் ஒரே நிறுவனத்தார். ஒரே பேருந்தில் செல்பவர். 1953-இல் வெளியான ஆய்வு முடிவில், நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவும், வந்தாலும் கடுமை குறைந்ததாகவும் காணப்பட்டது. கடிதங்களைச் சுமந்து நடந்த அஞ்சற்காரர்க்கும் மேசையில் அமர்ந்து எழுதிய எழுத்தர்க்கும் இடையே அதே வேறுபாடு இருந்தது. மோரிஸ் அத்துடன் நிற்கவில்லை. ஓட்டுநராக வருவோர் தொடக்கத்திலேயே பருத்தவராக இருந்தால் என் செய்வது என்று ஐயுற்று, நிறுவனம் அவர்களுக்குத் தைத்துக்கொடுத்த சீருடைகளின் இடுப்பளவைத் திரட்டிப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு சற்றுப் பெரிதாகத்தான் இருந்தது! ஆகவே, உட்காருதல் ஒன்றையே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியவில்லை. தம் முடிவைத் தாமே சோதிக்கும் இந்நேர்மையை நாம் பெரிதும் மதிக்கின்றோம். பின்னாளில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், உடலுழைப்பு இருதயத்திற்கு அரண் என்பதை ஐயமற உறுதி செய்தன.

இதனால் பழைய தோட்ட வாழ்வு மீண்டும் வரவேண்டும் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. மலேரியாக் காய்ச்சலும், வெறுங்காலில் நடந்தமையால் உட்புகுந்த கொக்கிப்புழுவும், அதனால் வந்த இரத்தச் சோகையும் அம்மக்களை வாட்டின. பிராணவாயுவைச் சுமப்பன இரத்தத்தின் சிவப்பணுக்கள்; அவை குறைந்தால் இருதயம் குறைந்த சுமையுடன் பலமுறை ஓடவேண்டும். சோகை பிடித்த தாய் ஒருத்தி வாளி சுமந்து மேடேறியபோது அவள் இருதயம் பட்ட பாடு பயிற்சி அன்று, துன்பமே.

இன்று நிலைமை வேறு. பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; பல நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. நம் மக்கள் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களில் குடியேறினர். தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிள், கடைக்கு மோட்டார் சைக்கிள், பள்ளிக்கும் மோட்டார் சைக்கிள் என்றாயிற்று. ஆனால் தட்டில் விழும் சோற்றின் அளவும், தேநீரில் விழும் சர்க்கரையும் பால்மரம் சீவிய நாளில் இருந்தபடியே உள்ளன. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வளர்ந்தோருள் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்திய வம்சாவளியினரை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர். நால்வரில் ஒருவர் போதிய உடலுழைப்பு இல்லாதவர். 2020-இல் மருத்துவச் சான்று பெற்ற இறப்புகளுள் நூற்றுக்கு 17 இருதயத் தமனி நோயால் நேர்ந்தவை. வேறெந்த நோயும் அத்துணை உயிர்களைக் கொள்ளவில்லை. இந்த எண்களுக்குப் பின்னால் நாம் அறிந்த முகங்கள் இருக்கின்றன. நம் பள்ளிப் பிள்ளைகளுள் சிலர், இன்னும் முதுமை எய்தாத தந்தையரை இவ்வாறு இழந்துள்ளனர்.

மாரடைப்பு என்பது யாது? ஏனைய தசைகளைப் போலவே இருதயமும் தன் உணவைத் தமனிகள் வழியே பெறுகின்றது. தான் இறைக்கும் இரத்தம் தன் அறைகளுள் நிறைந்திருப்பினும் அதிலிருந்து அது நேராகப் பருக இயலாது. உடல் தசைகள் ஓய்வு வேளையில் இரத்தத்திலுள்ள பிராணவாயுவில் நாலில் ஒரு பங்கையே எடுக்கின்றன. தேவை நேரும்போது மேலும் எடுத்துக்கொள்ளலாம். இருதயத் தசையோ ஓய்விலேயே பெரும்பகுதியை எடுத்துவிடுகின்றது. ஆகவே, விரைந்து உழைக்கும்போது அதற்கு ஒரே வழி, தன் தமனிகளில் மேலும் மிகுதியான இரத்தத்தைப் பாயச் செய்வது. கொழுப்புப் படிந்து அத்தமனி குறுகியிருந்தால், அமர்ந்திருக்கையில் தெரியாத குறை, படியேறுகையில் நெஞ்சுவலியாக வெளிப்படும். அக்கொழுப்புப் படிவு வெடித்தால் அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை முற்றும் அடைத்துவிடும். சீவிய பட்டையில் பால் உறைந்து தன் ஓட்டத்தைத் தானே நிறுத்திக்கொள்வதை நம் பெரியோர் ஆயிரம் முறை கண்டிருப்பர். மரத்திற்கு அது காயத்தை ஆற்றும் நன்மை. காயம் பட்ட கையில் இரத்தம் உறைவதும் நன்மையே. இருதயத் தமனிக்குள் உறைவதே உயிருக்கு ஆபத்து.

பயிற்சி இத்தீங்கைப் பல வழிகளில் குறைக்கின்றது. தமனிகள் நெகிழ்வுடன் இருக்கின்றன. இரத்த அழுத்தம் தாழ்கின்றது. தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை வாங்கிச் செலவிடுகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, வளர்ந்தோர்க்கு வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும். 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரி ஒரு மணி நேரம் வேண்டும். வாரம் ஐந்து நாள் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் பெரியோரின் கணக்கு நிறைவுபெறும். இதற்குக் காலணியைத் தவிர வேறு செலவில்லை. ஈப்போவில் போலோ திடலைச் சுற்றி மாலைதோறும் நடப்போர் பலர். கிளேடாங் குன்றேறுவோரும் உளர். விரைந்து நடத்தல் எத்துணை விரைவு என்று கேட்பீராயின், உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே அளவு.

மாணவர்கள் தம் இருதயத்தைத் தாமே அளந்து பார்க்கலாம். சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து, மற்றக் கையின் மணிக்கட்டில், பெருவிரலுக்கு நேர் கீழே மெல்ல வைத்தால் நாடி தட்டுப்படும். பெருவிரலால் தொட்டு எண்ணலாகாது. அதற்கே ஒரு நாடி உண்டாதலால் எண்ணிக்கை குழம்பும். முதலில் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருந்து, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குக. பிள்ளைகளின் நாடி பெரியோரினும் விரைவானது. 75 முதல் 110 வரை இருக்கலாம். பின்னர்த் திடலை ஒரு சுற்று ஓடி வந்து, மெல்ல நடந்தவாறே உடனே 10 விநாடி எண்ணி ஆறால் பெருக்குக. இங்கே 30 விநாடி எண்ணினால் அதற்குள் நாடி தணிந்துவிடுமாதலால் விடை தவறும். அடுத்தடுத்த நிமிடங்களிலும் எண்ணி ஒரு தாளில் குறித்து வருக. பயிற்சி மிகுந்தோர்க்கு நாடி விரைவாகத் தணியும். இந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வைத்து, மூன்று மாதம் பயின்ற பின் மீண்டும் எண்ணி ஒப்பிடலாம். வீட்டிலுள்ள தாத்தா பாட்டிக்கும் அமர்ந்தவாறே எண்ணிக் காட்டுங்கள். அவர்கள் சீவிய நிரையின் கதை ஒன்றேனும் அப்போது கிடைக்கும்.

பெற்றோர்க்கு ஒரு செய்தி. நெடுநாள் உட்கார்ந்தே பழகியவர்கள் முதல் நாளிலேயே குன்றேற முற்படக்கூடாது. பத்து நிமிட நடையில் தொடங்கி வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுக. நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளோரும், புகை பிடிப்போரும் அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தில் ஒருமுறை பார்த்துக்கொண்டு தொடங்குதல் நலம். நடக்கும்போது நெஞ்சின் நடுவே பாரம் வைத்தாற் போன்ற வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, காரணமற்ற மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே நின்று அமர்ந்துவிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்க்கு வலியே தோன்றாமலும் மாரடைப்பு வருவதுண்டு. சோர்வும் வியர்வையும் மட்டுமே அறிகுறியாகலாம். காற்றுப் பிடித்துக்கொண்டது என்று தைலம் தடவிப் பொழுதைக் கழிக்காமல் 999 என்னும் எண்ணை அழைத்திடுக. அடைபட்ட தமனிக்கு அப்பாலுள்ள தசை நிமிடத்திற்கு நிமிடம் மடிந்துகொண்டிருக்கும். மாணவர்களுள் எவருக்கேனும் பிறவியிலேயே இருதயக் குறை இருந்தாலோ, ஓடும்போது முன்னர் மயங்கியிருந்தாலோ, அதனைப் போட்டி விளையாட்டுக்கு முன்னரே வகுப்பாசிரியரிடம் தெரிவித்துவிடுக. அம்மாணவருக்கு நேரம் குறிக்கும் பணியும், கொடி பிடிக்கும் பணியும், அவரவர் மருத்துவர் இசைவு தரும் ஆட்டங்களும் திடலில் உண்டு.